மூன்று புள்ளி ஒன்பது கிராம்

டெர்ரி என்பவரிடம் இருந்தது 3.9 கிராம் கிராக் கொக்கெய்ன். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையின் எடைதான் இருக்கும். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 2008இல் வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டார். 188 மாதம் தண்டனை; அதாவது பதினைந்து வருஷம் எட்டு மாசம். பதின்ம வயதில் ஏற்கெனவே இரண்டு முறை போதைப்பொருள் வழக்கில் தண்டிக்கப்பட்டிருந்ததால் ‘தொழில்முறைக் குற்றவாளி’ என்ற வகையில் அவரைச் சேர்த்துவிட்டார்கள். அந்த இரண்டு வழக்குக்கும் சேர்த்து அவர் சிறையில் இருந்தது 120 நாள்.

2018 டிசம்பரில் அமெரிக்காவில் ‘ஃபர்ஸ்ட் ஸ்டெப் ஆக்ட்’ என்ற சட்டம் வந்தது. கிராக் கொக்கெய்னுக்கான பழைய தண்டனைகள் அளவுக்கு மீறியவை என்று எட்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒப்புக்கொண்டாகிவிட்டது. இப்போது, அந்தப் பழைய சட்டத்தின்கீழ் தண்டிக்கப்பட்டு இன்னும் உள்ளே இருப்பவர்கள் நீதிமன்றத்தில் மனுப் போடலாம் என்றது புதுச்சட்டம். டெர்ரியும் போட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021 ஜூன் 14 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்: உனக்குத் தகுதியில்லை.

காரணம் என்ன? அவரிடம் இருந்தது ரொம்பக் கொஞ்சம்.

நான் தப்பாக எழுதிவிடவில்லை. இன்னும் இரண்டு கிராம் கூடுதலாக வைத்திருந்தால் அவர் மனுப் போட்டிருக்க முடியும். எப்படி என்று பார்ப்போம். பழைய சட்டத்தில் மூன்று இழுப்பறைகள் இருந்தன. 50 கிராமும் அதற்கு மேலும் என்றால் குறைந்தது பத்து ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். 5 கிராமும் அதற்கு மேலும் என்றால் ஐந்திலிருந்து நாற்பது ஆண்டு. அளவைப் பற்றிய பேச்சே இல்லாத மூன்றாவது இழுப்பறைக்குக் குறைந்தபட்சம் எதுவும் கிடையாது, அதிகபட்சம் இருபது ஆண்டு. திருத்தம் செய்தவர்கள் முதல் இரண்டின் எல்லைகளை நகர்த்தினார்கள்: 50 என்பது 280 ஆனது, 5 என்பது 28 ஆனது. மூன்றாவதைத் தொடவில்லை. எந்தக் குற்றத்தின் தண்டனை ‘மாற்றப்பட்டதோ’ அவர்களே மனுப் போடலாம் என்று 2018 சட்டம் சொல்கிறது. டெர்ரி மூன்றாவது இழுப்பறையில் இருந்தவர். அவருடையது மாற்றப்படவில்லை. எனவே தள்ளுபடி.

தீர்ப்பைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் என்னைத் தொந்தரவு செய்தது. நான் பிழைப்புக்கு நிரல் எழுதுகிறவன். அந்த வாசகத்தை ஒரு நிரலாக ஓட்டிப் பார்த்தால் வரும் விடை அதுதான். டெர்ரியின் கட்சியிலும் ஒரு பலவீனம் உண்டு. அவருடைய 188 மாதம் கணக்கிடப்பட்டது அந்த மூன்றாவது இழுப்பறையின் உச்சவரம்பை வைத்து. அது மாறவே இல்லை. ஆனால் அதே ‘தொழில்முறைக் குற்றவாளி’ முத்திரையோடு 60 கிராம் விற்ற ஒருவர் நீதிபதியிடம் போய், “என் தண்டனையை மறுபடி பாருங்கள்” என்று கேட்கலாம். நீதிபதி குறைப்பாரா மாட்டாரா என்பது அடுத்த விஷயம். அவருக்குத் தட்ட ஒரு கதவு இருக்கிறது. 3.9 கிராம்காரருக்குச் சுவர்தான்.

இந்தக் கதவைப் பற்றித்தான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சமூகம் தன் தண்டனை அளவுகோல் தப்பு என்று தானே சொல்லித் திருத்திக்கொண்ட பிறகு, பழைய அளவுகோலால் அளக்கப்பட்டு இன்னும் சிறையில் இருப்பவனுக்கு அது என்ன கடன்பட்டிருக்கிறது?

*

முதலில் அந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

1986 ஜூனில் லென் பயஸ் என்ற 22 வயது கூடைப்பந்து வீரர் கொக்கெய்னால் இறந்தார். பாஸ்டன் செல்டிக்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்து இரண்டே நாள் ஆகியிருந்தது. நாடு அதிர்ந்தது, தேர்தல் வருஷம் வேறு. அக்டோபர் முடிவதற்குள் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கையெழுத்தாகிவிட்டது. அதில் 5 கிராம் கிராக்குக்கு என்ன தண்டனையோ அதே தண்டனை 500 கிராம் தூள் கொக்கெய்னுக்கு. நூற்றுக்கு ஒன்று.

இரண்டும் வேறு வேறு பொருளா என்றால் இல்லை. தூள்தான் மூலம். ஆப்ப சோடாவும் தண்ணீரும் சூடும் சேர்ந்தால் அது கட்டியாகிறது. கிராக் மலிவு, சின்னச் சின்னப் பொட்டலமாகத் தெருமுனையில் விற்பது. தூள் காசுள்ளவர்களின் விருந்துகளில் புழங்குவது. கிராக் வழக்கில் மத்தியச் சிறைக்குப் போனவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் கறுப்பினத்தவர்கள். 1995இலேயே அமெரிக்கத் தண்டனை ஆணையம் இரண்டையும் சமமாக்கச் சொன்னது. நாடாளுமன்றம் நிராகரித்தது. கடைசியில் 2010 ஆகஸ்ட் 3 அன்று ‘ஃபேர் சென்டன்சிங் ஆக்ட்’ வந்தது. நூற்றுக்கு ஒன்று என்பது பதினெட்டுக்கு ஒன்று ஆயிற்று. ஏன் பதினெட்டு? அறிவியல் ஒன்றும் இல்லை, இரு கட்சிகளும் பேரம் பேசி வந்து நின்ற இடம்.

ஆனால் அந்தச் சட்டம், ஏற்கெனவே தண்டனை பெற்றவர்களைப் பற்றி வாயே திறக்கவில்லை. அமெரிக்காவில் 1871இலிருந்து ஒரு பொதுவிதி இருக்கிறது: புதுச்சட்டம் வெளிப்படையாகச் சொன்னால் தவிர, பழைய சட்டப்படி ஏற்பட்ட தண்டனை அப்படியே நிற்கும். கேட்கக் கொடூரமாகத் தெரிந்தாலும் அதற்கு நியாயமான காரணம் உண்டு. அதற்கு முன்பு, ஒரு சட்டத்தை ரத்துசெய்தால் அதன்கீழ் நடந்துகொண்டிருந்த வழக்குகளும் சேர்ந்து செத்துப்போகும் என்பதே நடைமுறை. நம் ஊரில் 2024 ஜூலை 1 அன்று இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்ததே, அன்று காலை அத்தனை கொலை வழக்கும் காற்றில் போயிருந்தால் எப்படி இருந்திருக்கும்? அப்படி ஆகாமல் இருக்கத்தான் புதுச் சட்டத்தின் கடைசிப் பிரிவு பழைய வழக்குகளைக் காப்பாற்றி வைத்தது. காப்பு விதி தேவைதான். ஆனால் காப்பாற்றும்போது அது எல்லாவற்றையும் காப்பாற்றிவிடுகிறது, தப்பென்று நாமே ஒப்புக்கொண்டதையும் சேர்த்து.

இதனால் 2010 ஆகஸ்ட் 3 என்ற தேதி ஒரு வேலியாயிற்று. 2007இல் 53 கிராம் விற்ற ஹில் என்பவருக்கு 2010 டிசம்பரில் தண்டனை விதித்தார்கள், பழைய கணக்குப்படி பத்து ஆண்டு. 2012இல் டோர்ஸி வழக்கில் உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது: குற்றம் எப்போது நடந்திருந்தாலும் சரி, ஆகஸ்ட் 3க்குப் பிறகு தண்டனை விதிக்கப்பட்டால் புதுக் கணக்கு. ஹில் வேலிக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டார். அவரைப் போலவே விற்று, அதே ஆண்டு பிடிபட்டு, 2010 ஜூலையில் தண்டனை பெற்றவர் அந்தப் பக்கமே நின்றார். 2018 வரை.

*

வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு. டீக்கடையில் கேட்டால்கூடச் சொல்வார்கள்: “தெரிஞ்சுதானே செஞ்சான்? அன்னைக்கு என்ன தண்டனைன்னு சட்டத்துல இருந்துச்சு இல்ல? அனுபவிக்கட்டும்.”

இந்த வாதத்துக்குள் தண்டனை ஒரு விலையாக ஒளிந்திருக்கிறது. நேற்று பஸ் டிக்கெட் ஏழு ரூபாய், இன்று ஐந்து. நேற்றுப் போனவர் இரண்டு ரூபாயைத் திருப்பிக் கேட்க முடியுமா? முடியாதுதான். ஆனால் நேற்றுப் போனவர் நேற்றே இறங்கிவிட்டார். சிறையில் இருப்பவர் இன்னும் வண்டியில்தான் இருக்கிறார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவரிடமிருந்து பழைய கட்டணத்தை வாங்கிக்கொண்டே இருக்கிறோம்.

இதை எனக்குப் புரியவைத்தது என் வீட்டுக் கடன். வட்டி குறைந்துவிட்டது, புதிதாக வருகிறவர்களுக்கு வங்கி குறைந்த வட்டியில் கொடுக்கிறது. நான் பழைய வாடிக்கையாளன், பழைய வட்டியிலேயே கட்டிக்கொண்டிருக்கிறேன். போய்க் கேட்டால், “நீங்க அன்னைக்குக் கையெழுத்துப் போட்டது அப்படித்தானே சார்” என்கிறார்கள். சட்டப்படி அவர்கள் சொல்வது சரி. ஆனாலும் என் வயிறு எரிகிறது. ஏன் என்று யோசித்தேன். கடன் வாங்கியது ஒரு நாள். வட்டி போவது மாசாமாசம். இந்த மாதம் என் கணக்கிலிருந்து எடுக்கும்போது, இந்த மாதத்துக்கான நியாயம் ஒன்றை நான் எதிர்பார்க்கிறேன். எனக்காவது வேறு வங்கிக்கு ஓட வழியுண்டு.

தண்டனையும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். தீர்ப்பு ஒரு நாளில் நடந்து முடிந்துவிடுகிறது, தண்டனை முடிவதில்லை. தினமும் காலையில் கதவு திறக்கிறது, எண்ணிக்கை எடுக்கிறார்கள், மாலையில் பூட்டுகிறார்கள். பூட்டுவது இன்றைய அரசு, இன்றைய காவலர், இன்றைய வரிப்பணம். இன்று ஒரு மனிதனைப் பூட்டி வைக்கிற அரசிடம் “ஏன்?” என்று கேட்டால் அது இன்றைய பதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். “2009இல் எங்களுக்கு இது சரியென்று பட்டது, இப்போது படவில்லை, ஆனாலும் பூட்டுகிறோம்” என்பது பதிலாகாது. 1764இலேயே பெக்காரியா, தேவைக்கு மேற்பட்ட தண்டனை எல்லாம் கொடுங்கோன்மை என்ற கருத்தை எடுத்து வைத்துவிட்டார். தேவை எவ்வளவு என்று நாடாளுமன்றமே வாய்விட்டுச் சொல்லிவிட்ட பிறகு, மிச்சத்துக்கு என்ன பெயர்?

*

எதிர்த்தரப்பில் வெறும் பிடிவாதம் மட்டும் இல்லை. இறுதித்தன்மை என்று வழக்கறிஞர்கள் சொல்வதற்கு உண்மையான மதிப்பு உண்டு. தீர்ப்பு என்றால் என்றைக்காவது முடிய வேண்டும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பழைய வழக்குகள் எல்லாம் எழுந்து வந்தால், இன்றைக்கு விசாரணைக்குக் காத்திருப்பவனுக்கு நாள் கிடைக்காது. சாட்சிகள் செத்துப்போயிருப்பார்கள், கோப்புகளைக் கரையான் தின்றிருக்கும்.

ஆனால் இந்த வாதத்தின் பெரும்பகுதி, குற்றம் செய்தானா இல்லையா என்பதை மறுபடி விசாரிப்பதற்கு எதிரானது. எத்தனை வருஷம் என்பதை மட்டும் மறுபடி பார்க்கச் சாட்சி வேண்டியதில்லை; தீர்ப்பும் சிறைக் குறிப்பேடும் போதும். 2007இல் அமெரிக்க ஆணையம் கிராக்குக்கான வழிகாட்டு அளவுகளைச் சற்றுக் குறைத்து, மறு ஆண்டு முதல் பழைய கைதிகளுக்கும் பொருந்தச் செய்தது. பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தண்டனை குறைந்தது. நீதிமன்றங்கள் இடிந்து விழவில்லை. முன்கூட்டியே வெளியே வந்தவர்கள் மீண்டும் குற்றத்தில் விழுந்த வீதம், முழுத் தண்டனையும் அனுபவித்தவர்களைவிட அதிகமாக இல்லை என்று அதே ஆணையம் பின்னால் கண்டது.

“முழுசா அனுபவிச்சுட்டு வெளிய வந்தவன் என்ன பாவம் பண்ணான்?” என்றும் கேட்கலாம். அவனுக்கு நடந்தது அநியாயம்தான். திருப்பித் தர வழியில்லாத அநியாயம். ஒருவனிடமிருந்து எடுத்ததைத் திருப்பித் தர முடியவில்லை என்பதால் இன்னொருவனிடமிருந்து எடுத்துக்கொண்டே இருப்பது சமத்துவம் ஆகாது.

என்னை உண்மையில் திணறடித்த கேள்வி வேறு. இன்றைய நியாயம்தான் முக்கியம் என்றால், நாளை சட்டம் கடுமையாகும்போது உள்ளே இருப்பவனின் தண்டனையையும் கூட்டலாமே? ஐந்து ஆண்டு போதாது, பத்து வேண்டும் என்று சமூகம் இன்று நினைத்தால், அவனை இன்னும் ஐந்து ஆண்டு வைத்துக்கொள்ளலாமா? கூடாது என்று உள்ளம் உடனே சொல்கிறது. நம் அரசியல் சட்டத்தின் 20(1)ஆம் உறுப்பும் சொல்கிறது: குற்றம் நடந்தபோது இருந்த சட்டம் அனுமதித்ததைவிடக் கூடுதலாகத் தண்டிக்கக் கூடாது. அப்படியென்றால் நான் எனக்கு வசதியான பக்கம் மட்டும் கணக்குப் போடுகிறேனா?

நெடுநேரம் யோசித்துக் கிடைத்த பதில் இது. அரசின் கையை இரண்டு கயிறுகள் கட்டுகின்றன. ஒன்று, குற்றம் நடந்த அன்று அது கொடுத்த வாக்கு: இதற்கு மேல் போகமாட்டேன். இன்னொன்று, இன்று அதற்கு இருக்கும் காரணம்: இவ்வளவு தேவை. ஒரு மனிதனின் சுதந்திரத்தைப் பறிக்க இரண்டு கயிறும் இடம் கொடுக்க வேண்டும். எனவே எப்போதும் இரண்டில் சிறியதுதான். கூட்டினால் வாக்கு தவறுகிறது. குறைத்த பிறகும் பழையதைப் பிடித்து நின்றால் காரணம் இல்லாமல் போகிறது. விலை என்ற பார்வையில் முதல் கயிறு மட்டுமே தெரிகிறது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் 15ஆம் உறுப்பு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறது: தண்டனையைக் கூட்டாதே, பின்னால் சட்டம் தண்டனையைக் குறைத்தால் அதன் பலனைக் கொடு. 1992இல் அதில் சேர்ந்தபோது, இந்த இரண்டாவது வரி மட்டும் எங்களுக்கு வேண்டாம் என்று அமெரிக்கா எழுதிவைத்துவிட்டுச் சேர்ந்தது.

*

அமெரிக்காவைச் சொல்லிவிட்டு நாம் நிம்மதியாக எழுந்து போக முடியாது. இதே வேலியை நாமும் போட்டிருக்கிறோம்.

1985இன் போதைப்பொருள் சட்டப்படி, சொந்த உபயோகத்துக்கான மிகச் சிறிய அளவைத் தாண்டினால் ஹெராயினுக்குக் குறைந்தது பத்து ஆண்டு. 50 கிராமும் ஒன்றுதான், 50 கிலோவும் ஒன்றுதான். இது சரியில்லை என்று 2001இல் திருத்தினார்கள். ஹெராயினில் 5 கிராமுக்குக் குறைந்தால் சிறிய அளவு, 250 கிராமுக்கு மேல் போனால் வணிக அளவு. கட்டாயப் பத்தாண்டு வணிக அளவுக்கு மட்டும். நடுவில் இருப்பவர்களுக்குப் பத்தாண்டு வரை எவ்வளவு என்பதை நீதிபதி முடிவுசெய்யலாம். திருத்தம் 2001 அக்டோபர் 2 அன்று நடைமுறைக்கு வந்தது. விசாரணையில் இருக்கும் பழைய வழக்குகளுக்கும் பொருந்தும் என்று தாராளமாகச் சொன்னது. கூடவே ஒரு வரி: மேல்முறையீட்டில் இருக்கும் வழக்குகளுக்குப் பொருந்தாது.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். ஒரே நாளில் 50 கிராமோடு பிடிபட்ட இரண்டு பேர். ஒருவர் வழக்கு சீக்கிரம் முடிந்து, பத்தாண்டுத் தண்டனை பெற்று, மேல்முறையீடு செய்துவிட்டுக் காத்திருக்கிறார். இன்னொருவர் வழக்கு வாய்தா வாய்தாவாக இழுத்துக்கொண்டு கிடக்கிறது. இழுத்தவருக்கு இரண்டு ஆண்டோடு போகலாம். விரைவான நீதி கிடைத்தவருக்குப் பத்து. 2004இல் பஷீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வரி செல்லும் என்றது. மேல்முறையீடுகளிலும் திருத்தத்தைப் புகுத்தினால் மறுவிசாரணைகள் பெருகி, தாமதத்தைக் குறைக்கும் நோக்கமே கெட்டுவிடும் என்பது அதன் காரணம். நிர்வாகக் காரணமாக அது சரியாக இருக்கலாம். பத்தாண்டு உள்ளே இருப்பவரிடம் போய்ச் சொல்லக்கூடிய காரணமா அது?

இத்தனைக்கும் அதே உச்ச நீதிமன்றம் 1964இல் வேறு வழியில் போயிருக்கிறது. ரத்தன் லால் வழக்கு. பதினாறு வயதுப் பையன். ஒரு வீட்டுக்குள் நுழைந்து ஏழு வயதுச் சிறுமியிடம் அத்துமீறப் பார்த்தான் என்று 1962 மே 31இல் ஆறு மாதச் சிறை. இளம் குற்றவாளிகளைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் விடச் சொல்லும் 1958ஆம் ஆண்டுச் சட்டம் அவன் இருந்த குர்கான் மாவட்டத்துக்கு 1962 செப்டம்பர் 1 அன்றுதான் வந்து சேர்ந்தது. மேல்முறையீடு அப்போது நிலுவையில் இருந்தது. தண்டனையை மென்மையாக்கும் சட்டத்தின் பலனை அவனுக்கும் கொடுக்கலாம் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு எழுதினார் நீதிபதி சுப்பாராவ். ஒரு நீதிபதி உடன்படவில்லை.

அந்தச் சிறுமியின் வீட்டார் இதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்ற கேள்வியைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. போதைப்பொருள் வழக்குகளில் எளிதாகப் பேசிவிடலாம்; எதிரே நிற்கும் முகம் இல்லை. இங்கே இருக்கிறது. அவர்களுக்கு நடந்தது குற்றம் என்று சொல்லப்பட வேண்டும், தண்டிக்கப்பட வேண்டும். அதில் சமரசம் இல்லை. ஆனால் எவ்வளவு தண்டனை என்பதைச் சமூகம் எல்லாருக்குமாகச் சேர்ந்து முடிவுசெய்கிறது. அது தன் முடிவை மாற்றும்போது அவர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்க வேண்டும். என் பதில் அந்த வீட்டில் எடுபடும் என்று நான் நம்பவில்லை. இருந்தாலும் அதைவிட நேர்மையான பதில் எனக்குத் தெரியவில்லை.

*

நான் கேட்பது தானாகக் கிடைக்கும் தள்ளுபடியை இல்லை. கதவை. 2022இல் கான்செப்சியன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: மறுபரிசீலனைக்கு வரும் கைதி சிறையில் எப்படி இருந்தார், திருந்தினாரா, அடிதடியில் இறங்கினாரா என்பதை எல்லாம் நீதிபதி பார்க்கலாம், குறைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மறுப்பவர் காரணம் சொல்லி மறுக்கட்டும். காரணம் சொல்ல யாருமே இல்லாத இடம்தான் கொடுமை.

மேத்யூ சார்ல்ஸ் என்பவருக்கு 1996இல் முப்பத்தைந்து ஆண்டு. கிராக் விற்றதற்கும் துப்பாக்கிக்கும். வழிகாட்டு அளவுகள் குறைந்ததை வைத்து 2016இல் ஒரு நீதிபதி அவரை வெளியே விட்டார். நாஷ்வில் நகரத்தில் வேலை தேடிக்கொண்டார், வாரக் கடைசியில் ஏழைகளுக்கு உணவு கொடுக்கும் இடத்தில் உதவிசெய்தார். அரசு மேல்முறையீடு செய்தது: இவர் ‘தொழில்முறைக் குற்றவாளி’, அந்தக் குறைப்பு இவருக்குப் பொருந்தாது. மேல் நீதிமன்றம் ஆமாம் என்றது. இரண்டு ஆண்டு வெளியே ஒழுங்காக வாழ்ந்துகொண்டிருந்த மனிதர் 2018இல் மறுபடி உள்ளே போனார். அவரைத் திருப்பி அனுப்பியதால் யாருக்கு என்ன நன்மை என்று கேட்டால் ஒருவரிடமும் பதில் இருந்திருக்காது. ஆனால் விதி அப்படி. அந்த டிசம்பரில் வந்த புதுச்சட்டம்தான் அவரை 2019 ஜனவரியில் மீட்டது. அவரிடம் இருந்தது 216 கிராம். அதனால் அவர் முதல் இழுப்பறை.

டெர்ரி உச்ச நீதிமன்றத்தில் தோற்றபோது அவர் தண்டனை முடியச் சில மாதங்களே பாக்கி. அரசு வழக்கறிஞர்களே கடைசி நேரத்தில் அவர் பக்கம் வந்துவிட்டதால், அவருக்கு எதிராக வாதாட நீதிமன்றம் தனியாக ஒரு வழக்கறிஞரைப் பிடித்துப் போட வேண்டியிருந்தது. நாடாளுமன்றம் நினைத்தால் இதைச் சரிசெய்யலாம் என்று நீதிபதி சோட்டோமயோர் தனியே எழுதிவைத்தார். சரிசெய்ய வேண்டியது ஒரே ஒரு வரி. தண்டனையைக் குறைக்கும் எந்தச் சட்டத்திலும் கடைசியில் எழுதிவிடக்கூடிய வரி: பழைய அளவுகோலில் உள்ளே இருப்பவர் யாராக இருந்தாலும் வந்து கேட்கலாம்.

நம் புதிய சட்டத்தில், ஐந்தாயிரம் ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல்முறை திருடித் தண்டிக்கப்படுபவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவை மட்டுமே தண்டனை. நல்ல சட்டம். ஆனால் 2024 ஜூன் மாதம் ஒரு சைக்கிளைத் திருடி, திருப்பியும் கொடுத்துவிட்டு, பழைய சட்டத்தில் சிறைக்குப் போன பையன் ஒருவன் இருந்தால், ஜூலை 1 காலை அவன் எந்த அலுவலகத்துக்கு எழுத வேண்டும் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை.